குடுங்க மாப்ளே!

ஆள் வருவதற்கு முன்னால் அவருடைய கை வந்துவிடும். நம் கையில் எது இருந்தாலும் சரி, தண்ணீர் டம்ளரோ சாவிக்கொத்தோ அரைக் கிலோ கத்தரிக்காயோ, "குடுங்க மாப்ளே, நீங்க ஏன் சிரமப்படறீங்க?" கொடுக்கலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் கத்தரிக்காய் கைமாறியிருக்கும்.

கீமோ முடிந்து வீடு திரும்பிய எவருக்கும் இப்படி ஒருவர் வாய்த்திருப்பார். சிலருக்கு அத்தை, சிலருக்கு எதிர்வீட்டு சார், சிலருக்கு ஆபீஸில் பக்கத்து சீட்டு. முள்சீத்தாப் பழம் கொண்டுவருகிறவர்களும், "எங்க தெருவுல ஒருத்தருக்கு இதேதான் வந்துது..." என்று தொடங்கி, என் மனைவி முறைப்பதைப் பார்த்துப் பாதியில் விழுங்குகிறவர்களும் வேறு ரகம். அவர்கள் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இவர் கிளம்ப மாட்டார். (பொதுவாகத்தான் சொல்கிறேன். என் மனைவியின் அண்ணன் இந்தப் பத்திரிகையின் சந்தாதாரர்.)

எனக்கு வந்தது லிம்ஃபோமா. 21 நாளுக்கு ஒரு சுற்று வீதம் 6 சுற்று மருந்து. அதில் ஒன்று வின்கிரிஸ்டின், நம் ஊர் வேலியோரம் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது. நோயை அடிக்கிற கையோடு நரம்புகளையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகும். விரல்நுனி மரத்துவிடும். அதற்கு பிசியோதெரபிஸ்ட் சொன்ன வைத்தியம் எளிது: சட்டைப் பொத்தானை நீங்களே போடுங்கள், மேஜைமேல் சில்லறையைக் கொட்டிப் பொறுக்குங்கள், சின்ன வெங்காயம் உரியுங்கள்.

முறத்தில் வெங்காயத்தோடு உட்கார்ந்தேன். ஒன்றை உரித்து இரண்டாவதன் தோலில் நகம் பதியும் நேரத்தில் கை வந்தது. "இதுக்கெல்லாம் நீங்களா? குடுங்க!" கண்ணீர் வழிய வழிய அத்தனையையும் உரித்துப் போட்டுவிட்டு, தியாகம் செய்தவர் முகத்தோடு எழுந்து போனார். சில்லறையைக் கொட்டினால் அதையும் பொறுக்கி, எண்ணி, என் மனைவியிடம் கணக்கு ஒப்படைக்கிறார். அறைக்குள் போய்ச் சட்டை போடலாம் என்றால் கதவுக்கு வெளியே குரல்: "தாழ்ப்பாள் மட்டும் போடாதீங்க மாப்ளே." மூன்றாவது பொத்தானோடு நான் மல்லுக்கு நிற்கையில் உள்ளே வந்து, கண் இமைப்பதற்குள் எல்லாவற்றையும் போட்டுவிட்டார், நான் ஜென்மத்தில் போடாத கழுத்துப் பொத்தான் உட்பட. எல்.கே.ஜி.க்குக் கிளம்பிய பிள்ளை மாதிரி ஹாலில் வந்து நின்றேன்.

பொருளோடு விட்டாலும் பரவாயில்லை. வாயில் இருக்கும் பதிலையும் வாங்கிக்கொள்கிறார். இஸ்திரிக்காரர் என்னைப் பார்த்து, "எப்படி சார் இருக்கீங்க?" என்பார். நான் வாய் திறப்பதற்குள், "தேவலை. நேத்து மூணு இட்லி சாப்பிட்டார். வயிறுதான் இன்னும் சரியாப் போகல." மலச்சிக்கலும் வின்கிரிஸ்டின் தரும் பரிசுதான். அதன் அன்றாட நிலவரம் எங்கள் அபார்ட்மெண்டில் மூன்று மாடிக்கும் தெரியும்.

சும்மா குறை சொல்லக் கூடாது. வெள்ளை அணுக்கள் தரை தட்டும் நாட்களில் காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் நேரம் காலம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டும் என்பது உத்தரவு. அப்படி ஒரு நடுராத்திரியில் லுங்கியோடு காரை எடுத்தவர் இவர்தான். விடிய விடிய வராந்தாவின் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இருமிக்கொண்டு வந்த தன் சொந்தச் சித்தப்பாவையே வாசலோடு திருப்பி அனுப்பியவரும் இவர்தான். அன்றைக்கு என்னால் எதையும் பிடித்துக்கொள்ள முடியவில்லை. எல்லாவற்றையும் அவர் வாங்கிக்கொண்டார்.

அது அன்றைக்கு. இப்போது அணுக்கள் ஏறிவிட்டன, ஸ்கேன் சுத்தமாக வந்துவிட்டது, புருவத்தில் பூனைமுடி முளைத்துவிட்டது. அப்படியிருந்தும் போன வாரம் என் பெண்ணுக்கு எந்தக் கல்லூரி என்று அடுக்களையில் குரலைத் தாழ்த்திப் பேசி, முடிவும் எடுத்து, பணமும் கட்டிவிட்டார்கள். கேட்டால், "உங்களுக்கு எதுக்கு டென்ஷன்னுதான்." எனக்கு டென்ஷன் வேண்டும் ஐயா! அப்பன் என்று ஒருவன் இருப்பதே அதற்குத்தானே? நரம்பு தேடி நாலு இடத்தில் குத்தினபோதெல்லாம் கையை நீட்டிக்கொண்டு கிடந்தேன், கேட்டதையெல்லாம் கொடுத்தேன். பாங்கில் வரிசையில் நின்று, கோணல் கையெழுத்துப் போட்டு, "கையெழுத்து ஒத்துப்போகல சார்" என்று கிளார்க்கிடம் திட்டு வாங்குகிற உரிமையாவது என்னிடம் இருக்கட்டும்.

பொறுக்க மாட்டாமல் டாக்டரிடமே முறையிட்டேன். அவர் இருவருக்கும் சேர்த்துச் சொன்னார்: இந்த அசதி படுத்துக்கிடந்தால் போகாது, நடந்தால்தான் போகும்; மெல்லத் தொடங்கி வாரத்துக்கு 150 நிமிடம் வரை கொண்டுபோங்கள். மச்சான் பயபக்தியோடு டைரியில் குறித்துக்கொண்டார்.

மறுநாள் விடிவதற்குள் என்னைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். முதல் சுற்று முழங்கையைப் பிடித்தபடி. இரண்டாவது சுற்றில் எனக்கு லேசாக மூச்சு வாங்கியது. உடனே சிமெண்டு பெஞ்சில் உட்காரவைத்து, என் தொப்பியையும் தண்ணீர் பாட்டிலையும் வாங்கிக்கொண்டார்.

"நீங்க இருங்க மாப்ளே. மிச்சத்தை நான் நடந்துட்டு வந்துடறேன்."

தினமும் அப்படித்தான் நடக்கிறது. இந்த மாதம் அவருக்குச் சர்க்கரை நன்றாகக் குறைந்திருக்கிறதாம்.