ஆறாவது வாள் ஏதுலே?

ஏலே பேராண்டி, நீ டாரட் கார்டு வாங்கியிருக்கன்னு ஒங்கம்மை சொன்னா. கதை எழுதத்தான் வாங்கினியாம். நல்ல காரியம். பேனா வாங்குன, நோட்டு வாங்குன, மேசை விளக்கு வாங்குன, கதை வரல. இப்பம் பழி போடுததுக்கு 78 சீட்டு கூடுதலா சேந்திருக்கு. நான் கிளை நூலகத்துல தூசி தட்டியே காலத்தை ஓட்டுன கிழவன். தட்டும்போது அட்டையை மட்டும் பாக்கல, உள்ளயும் கொஞ்சம் எட்டிப் பாத்து வச்சிருக்கேன். அதனால நான் சொல்லுததைக் கேளு. கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன்.

மொதல்ல, ஒரு வரியும் எழுதாம வருசம் பூரா எழுத்தாளனா இருக்கதுக்கு வழி சொல்லுதேன். பட்டுத்துணி ஒண்ணு வாங்கு. சீட்டுக் கட்டை அதுல சுத்தி, பௌர்ணமி அன்னைக்கு நிலா வெளிச்சத்துல வை. ஊதுபத்தி கொளுத்து. சீட்டை வட்டமா விரிச்சு, மேல இருந்து போட்டோ புடிச்சு இன்ஸ்டாகிராம்ல போடு. பக்கத்துல காப்பி தம்ளர் இருக்கணும், அது முக்கியம். பொறவு கட்டோட வந்த அர்த்தப் புத்தகத்தைத் தொற. இழப்பு, துயரம், ஏமாற்றம்னு போட்டிருப்பான். நீயும் ஒன் நாயகனுக்கு மூணையும் ஒழுங்கா பங்கு வச்சுக் குடு. சோலி முடிஞ்சிது. வாசிக்கவனுக்கும் அதே மூணுதான் கிடைக்கும்.

யாராவது ஒன்கிட்ட வந்து இது எகிப்து ஞானம், பிரமிடு காலத்து ரகசியம்னு சொன்னா, தலையை ஆட்டிட்டு ஒரு டீ வாங்கிக் குடு. அவன் பொய் சொல்லல, அவனுக்கு முந்தி ஒருத்தர் சொன்னதைத்தான் சொல்லுதான். இது 15ஆம் நூற்றாண்டுல வட இத்தாலியில பொறந்த சீட்டாட்டம்லே. மிலான் பிரபு வீட்டுக்காரங்க தங்கத் தகடு ஒட்டி, கையால வரைஞ்சு வாங்கி ஆடுனது. ரொம்ப காலம் வெறும் ஆட்டமாத்தான் கிடந்துச்சு. 1781ல பாரிசுல கூர் த ஜெப்லேன்னு ஒரு அறிஞர், இது எகிப்துப் பூசாரிங்க ஒளிச்சு வச்ச வேதம்னு எழுதிட்டாரு. பழைய எகிப்து எழுத்தைச் சாம்போலியன்னு ஒருத்தர் வாசிச்சுக் காட்டுனதே 1822லதான். நாப்பது வருசத்துக்கு மேல முந்தியே, எழுத்துத் தெரியாமலே இவரு வேதத்தைக் கண்டுபுடிச்சிட்டாரு. டாரட்டை வச்சு அவ்வளவு பெரிய கதை விட்டவரு அவருதான். ஒனக்கு அவரு மூத்த குடி, ஒரு கும்பிடு போட்டுக்க.

ஆனா ஒன் கையில இருக்க கட்டுக்கு வேற ஒரு தாய் உண்டு. 1909ல லண்டன்ல வெளிவந்தது. வெயிட்டுன்னு ஒரு மந்திரவாதப் பண்டிதர் யோசனை சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித்துன்னு ஒரு பொம்பள வரைஞ்சா. அவ சின்ன வயசுல ஜமைக்காவுல வளந்தவ. அனான்சிங்கிற சிலந்திக் கதையெல்லாம் அங்கன கேட்டு, 1899ல புத்தகமா போட்டவ. நாடகக் கொட்டகைக்காரங்களோடயும் பழக்கம். அவளுக்கு முந்தி, 78ல சின்னச் சீட்டுன்னு சொல்லுத 56லயும் பெரும்பாலும் வெறும் எண்ணிக்கைதான் இருக்கும்: அஞ்சு கோப்பைன்னா அஞ்சு கோப்பை, ஏழு வாள்னா ஏழு வாள். இவதான் அதுக்குள்ள ஆளை எறக்கினா, ஆத்தை ஓடவிட்டா, ஒருத்தனைத் திரும்பிப் பாக்க வச்சா. நீ சீட்டைப் பாத்ததும் கதை தோணுதுன்னா, அது மந்திரமில்ல, கதை சொல்லத் தெரிஞ்ச ஒருத்தி வரைஞ்சது.

அவளுக்கு என்ன கிடைச்சுதுங்கிறியா? கொஞ்சம் பணம். கட்டுக்குப் பேரு பதிப்பாளர் ரைடரையும் பண்டிதர் வெயிட்டையும் சேத்து வச்சாங்க. ஊர் உலகமெல்லாம் வித்த கட்டு அது, அவ 1951ல கார்ன்வால்ல கடனோட செத்தா. எழுத்துல எவ்வளவு சம்பாதிக்கலாம்னு நீ சீட்டு எடுத்துப் பாக்க வேண்டாம்லே. கட்டே பதில் சொல்லிட்டு.

சரி, கேலி போதும். இல்ல, போதாது, ஆனா கொஞ்சம் வேலையும் பாப்போம். மூணு சீட்டு எடு.

மொதச் சீட்டு வாள் ஏழு. ஒருத்தன் கூடாரத்துல இருந்து நுனிக்கால்ல நழுவுதான். கையில அஞ்சு வாள், பின்னால தரையில ரெண்டு குத்திக் கிடக்கு. புத்தகம் இதை வஞ்சகம்னு சொல்லும். நீ புத்தகத்தை விடு, படத்தைப் பாரு. அவன் வாளோட அலகையில்லா வெறுங்கையால புடிச்சிருக்கான்? கை அறுபடாதா? கைப்புடியைப் புடிக்க நேரமில்லயா, இல்ல வாள் புடிச்சுப் பழக்கமில்லாதவனா? ரெண்டை ஏன் விட்டுட்டுப் போறான்? தூக்க முடியலயா, யாருக்காவது மிச்சம் வச்சானா? திரும்பிப் பாத்து வேற சிரிக்கான்.

ரெண்டாவது வாள் ஆறு. ஒருத்தன் படகைத் தள்ளிட்டுப் போறான். முக்காடு போட்ட பொம்பளயும் ஒரு புள்ளயும் நமக்கு முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்காங்க. படகுக்குள்ள ஆறு வாள் செங்குத்தா நிக்கி. புருவத்தைச் சுளிக்காதலே, எண்ணிப் பாரு. கூடாரத்துல இருந்து எடுத்தது அஞ்சு. படகுல இருக்கது ஆறு. ஆறாவது வாள் ஏது? அந்தப் பொம்பள கொண்டாந்தாளா? அப்படின்னா அவளும் எங்கயோ இருந்து ஓடி வாரா. இன்னொண்ணு, வாள் நுனியெல்லாம் படகோட அடிப்பலகையில இருக்கு. உருவுனா தண்ணி உள்ள வரும். திருடுன பொருளைக் கைவிடவும் முடியாது, கையில எடுக்கவும் முடியாது. இதைவிட நல்ல சிக்கலை ஒனக்கு எந்தப் பட்டறையில சொல்லித் தருவான்?

மூணாவது காசு பத்து. வளைவுக்கு இந்தப் பக்கம் ஒரு கிழவன் பகட்டான அங்கி போட்டு உக்காந்திருக்கான். ஒரு ஆணும் பெண்ணும் அவனைப் பாக்காம பேசிட்டு நிக்காங்க. ரெண்டு வெள்ளை நாய் மட்டும் அவன்கிட்ட வந்திருக்கு. புத்தகம் செல்வம், குடும்பம்னு சொல்லும். நான் கேக்கது இதுதான்: வீட்டுக்காரங்களுக்குத் தெரியாத கிழவனை நாய்க்கு எப்படித் தெரிஞ்சுது? அந்தப் படகோட்டி வயசாகி வந்திருக்கானா? படகுல உக்காந்திருந்த புள்ளதான் இப்பம் வாசல்ல நிக்க ஆம்பளயா? கையில அலகு அறுத்த தழும்பை அவன் பாத்தா என்ன ஆகும்?

பாத்தியா, ஒரு கதைக்கு வேண்டிய கள்ளனும், கணக்கும், தழும்பும் வந்துட்டு. நாம அர்த்தப் புத்தகத்தைத் தொறக்கவே இல்ல.

இதுல சூட்சுமம் ஒண்ணுதான். ஒன்னைய சும்மா விட்டா நீ என்ன எழுதுவ? பஸ்ஸு, ஜன்னலோரம், மழை, பழைய காதலி. போன தடவையும் அதுதான், அதுக்கு முந்துன தடவையும் அதுதான், காதலி பேரு மட்டும் மாறும். ஒன் கை பழகுன இடத்துக்குத்தான் போகும். சீட்டு அதை மறிக்கும். நீ தேர்ந்தெடுக்காத ஒருத்தனைக் கொண்டாந்து ஒன் முன்னால நிறுத்தும். அவ்வளவுதான் அதோட புண்ணியம். அதனால புடிக்கலன்னு இன்னொரு சீட்டு எடுக்காத. புடிக்காததுதான் மருந்து. மரணச் சீட்டு வந்தா ஒடனே ஒரு ஆளைக் கொன்னுராத. குதிரை மேல வார எலும்புக்கூட்டை ஒரு சின்னப் புள்ள மண்டி போட்டு ஏறிட்டுப் பாக்குது பாரு, அது வீட்டுக்குப் போயி என்ன சொல்லும்னு எழுது.

நம்மூர்ல கிளி சோசியக்காரரைப் பாத்திருப்ப. கிளி சீட்டை எடுத்துப் போட்டுட்டு நெல்லைக் கொத்திட்டுக் கூண்டுக்குள்ள போயிரும். கதை சொல்லுதது சோசியர்தான். ஒரு கண்ணு படத்துல, ஒரு கண்ணு எதுத்தாப்புல உக்காந்திருக்கவன் செருப்புல. நீயும் அப்படித்தான் இருக்கணும். சீட்டு பாதி, நீ ஊர்ல பாத்த மனுசன் பாதி. கிளி வேலையை மட்டும் செஞ்சிட்டு நெல்லு கேட்டா எவன் குடுப்பான்?

ரொம்பவும் ஆழம் போயிராத. இத்தாலிக்காரர் கால்வினோ, ஜாம்பவான். காட்டுவழி வந்த ஆளுகளுக்குப் பேச்சு அத்துப்போச்சு, எல்லாரும் டாரட் சீட்டை வரிசையா வச்சே அவங்கவங்க கதையைச் சொல்லுதாங்கன்னு எழுதுனாரு. 1969ல பாதி, 1973ல முழுசா வந்துது. சீட்டை மாத்தி மாத்தி அடுக்கி அந்த ஆளு படாத பாடு பட்டாரு. கடைசியில இந்தப் பீடையில இருந்து விடுபடத்தான் புத்தகத்தைப் போடுதேன்னு அவரே குறிப்பு எழுதுனாரு. படக்கதைத் துண்டுகளை வச்சு மூணாவது பாகமும் யோசிச்சு, எழுதாமலே விட்டாரு. அவருக்கே அந்தக் கதின்னா, நீ ஒரு தடவைக்கு மூணு சீட்டோட நிப்பாட்டு.

தப்பா புரிஞ்சுக்கிடுவோமோன்னும் பயப்படாத. கவிஞர் எலியட் 1922ல பாழ்நிலக் கவிதையில டாரட் சீட்டு போட்டாரு. எனக்கு அந்தக் கட்டு சரியாத் தெரியாது, வசதிக்கு மாத்திக்கிட்டேன்னு கவிதைக்குப் போட்ட குறிப்புலயே சொல்லிட்டாரு. சோசியக்காரன் எவனும் கேஸ் போடல, நோபலும் தடைபடல.

ஒண்ணே ஒண்ணு கேக்கப்படாது. இந்தக் கதையை பத்திரிகையில போடுவாங்களா, பரிசு கிடைக்குமான்னு சீட்டைக் கேக்காத. அதுக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் ஒன் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல அதுக்கு மனசு வராது.

பட்டுத்துணியை ஒங்கம்மைட்ட குடு, மூக்குக்கண்ணாடி தொடைக்க ஆகும். மூணு சீட்டையும் பாத்துக் கேள்வியைக் குறிச்சிக்கிட்டு, கட்டை அலமாரியில வச்சுப் பூட்டு. சாவியை என்கிட்ட குடு. முதல் படி எழுதி முடிச்ச பொறவு கொண்டா, நான் வாசிக்கேன். வாசிக்கும்போது எந்தச் சீட்டுல இருந்து வந்ததுன்னு நான் கண்டுபுடிச்சிட்டேன்னா, சாவி கிடையாது. திரும்ப உக்காந்து எழுது.