சூப்பு மாமா

ஓய்வு பெற்ற ஆண்களை நம் பக்கத்தில் நான்கு இனமாகப் பிரிக்கலாம். கோயில் கமிட்டியில் சேர்ந்து போன வருஷக் கணக்கைக் கேட்பவர்கள் முதல் இனம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டெல்லி அரசாங்கத்தை நடத்துபவர்கள் இரண்டாம் இனம். தங்கள் சர்க்கரை அளவை நோட்டில் எழுதிவைத்துப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வாசித்துக் காட்டுபவர்கள் மூன்றாம் இனம். நான்காவது இனம் சமீபத்தில் தோன்றியது. பிள்ளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஏதோ ஒரு மின்சாரச் சாமானைப் பிடித்துக்கொண்டு, அறுபது வயதுவரை எட்டிக்கூடப் பார்க்காத அடுக்களைக்குள் திடீரென்று நுழைபவர்கள் அவர்கள்.

நார்த்தாமலையில் இந்த நான்காம் இனத்தாரை நீங்கள் தேடிப்போக வேண்டியதில்லை. அவரே உங்களைத் தேடி வருவார். திருச்சி-புதுக்கோட்டை சாலையில் கீரனூரைத் தாண்டிப் பிரிந்து ஊருக்குள் வந்து, விஜயாலய சோழீசுவரத்துக்கு வழி கேட்டு நிற்கும் யாரும் அவர் கண்ணுக்குத் தப்ப முடியாது.

"கோயிலுக்கா? மேலமலையில இப்ப ஏறினா பாறை சுட்டுடும். வெயில் தாழட்டும். உள்ள வாங்க, ஒரு சூப்பு சாப்பிட்டுப் போகலாம்."

சூப்பு தயாராக இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார். ஊரில் அவருக்குப் பெயர் சூப்பு மாமா.

அவரிடம் இருப்பது ஆறு லிட்டர் ஸ்லோ குக்கர். நீள்வட்டமான கறுப்புப் பீங்கான் சட்டி, அதைச் சுற்றிச் சூடேற்றும் உலோக உறை, மேலே கண்ணாடி மூடி. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கி வந்தது. அங்கே சீனக் குடும்பங்கள் காலையில் வேலைக்குப் போகும்போது இதில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டுப் போய், சாயங்காலம் வந்து குடிப்பார்கள். அந்த ஊர் பிளக்கின் செவ்வகக் கால்கள் மூன்றும் நம் ஊர் உருண்டைத் துளைக்குள் நுழையாது. அதற்கென ஒரு கன்வர்ட்டர் வாங்கி, அது வேறெங்கும் போய்விடாதபடி பூணூல் கயிறு போல ஒரு நூலால் ஜன்னல் கம்பியில் கட்டி வைத்திருக்கிறார்.

காலை ஏழு மணிக்கு மாமாவிடமிருந்து அவர் மனைவி அத்தைக்கு அறிவிப்பு வரும். "இன்னைக்கு நான்தான் சமையல். நீ ரெஸ்ட் எடு."

அந்த ரெஸ்ட் இப்படி நடக்கும். அத்தை பரங்கிக்காயைப் பிளந்து விதை வழித்துத் தோல் சீவ வேண்டும். கேரட், உருளைக்கிழங்கு இரண்டையும் ஒரே அளவாக நறுக்க வேண்டும். வெங்காயமும் ஒரு கைப்பிடி பூண்டும் உரிக்க வேண்டும். இஞ்சியைத் தட்டி, மிளகைப் பொடித்துத் தர வேண்டும். நேற்றைய சூப்பு விளிம்பில் காய்ந்து ஒட்டியிருக்கும் பீங்கான் சட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு மாமா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து குமிழைத் திருகுவார். குமிழில் மூன்று நிலை: லோ, ஹை, வார்ம். லோவுக்கு எட்டு மணி நேரம், ஹைக்கு நான்கு. அவர் ஹையைத் தொடுவதில்லை. கோப்புகளோடு வாழ்ந்தவர். எதையும் உள்ளே போட்டு மூடி எட்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பதில் அவருக்கு முப்பது வருஷப் பயிற்சி உண்டு.

ஒன்று சொல்லியாக வேண்டும். மாமா விவரமில்லாதவர் அல்ல. கிழங்கும் கேரட்டும் அடியில் கிடக்க வேண்டும், சூடு அடியிலும் பக்கத்திலுமிருந்துதான் வருகிறது என்பார். சரிதான். தண்ணீர் காய் மூழ்கும் அளவுக்கு இருந்தால் போதும், மூடிய சட்டியில் ஆவி வெளியே போகாது, அதிகம் ஊற்றினால் கழுநீர் மாதிரி ஆகிவிடும் என்பார். அதுவும் சரி. சூப்பு கொழகொழவென்று வருவதற்குச் சோள மாவு எதற்கு, வெந்த உருளைக்கிழங்கின் மாவுச்சத்தே போதும், நன்றாக மசித்தால் தானாகத் திரண்டு வரும் என்பார். நூற்றுக்கு நூறு சரி.

"எல்லாத்தையும்விட முக்கியம், மூடியைத் திறக்கவே கூடாது. ஒரு தடவை திறந்தா, போன சூட்டைத் திரும்பப் பிடிக்க இருபது நிமிஷம் ஆகும்" என்பார். இதைச் சொல்லும்போது மூடி அவர் கையில் இருக்கும். உங்களுக்குக் காட்ட வேண்டாமா? பால்காரர் வந்தால் அவருக்குக் காட்ட வேண்டாமா? நூறு நாள் வேலைக்குப் போகிற அக்கா வாசலில் நின்று "என்ன மாமா வாசம்?" என்று கேட்டால் சும்மா அனுப்ப முடியுமா? பார்க்க ஒன்பது பேர் வந்தால் மூன்று மணி நேரம் கூடிவிடும். லோவில் எட்டு மணி நேரம் என்று கம்பெனிக்காரன் எழுதியது மூடியைத் திறக்காத மனிதர்களுக்கு. இந்தச் சட்டிக்கு வேண்டியது ஒரே ஒரு குணம், அதைச் சும்மா விடுவது. இதை ஆசைப்பட்டு வைத்துக்கொள்கிறவர்களிடம் இல்லாத ஒரே குணமும் அதுதான்.

காத்திருக்கும் நேரத்தில் விருந்தாளிக்குச் சரித்திரம் பரிமாறப்படும். முதலில் சட்டியின் சரித்திரம். அமெரிக்காவில் இர்விங் நாக்சன் என்று ஒருவர். அவருடைய அம்மாவுக்கு லித்துவேனியாவில் பூர்வீகம். அந்த ஊர் யூதக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பயறும் கறியும் போட்ட பானையை ரொட்டிக்கடை அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். ஓய்வு நாளில் அடுப்பு மூட்டக்கூடாது. இரவெல்லாம் ஆறுகிற அடுப்பின் சூட்டிலேயே அது வெந்து கிடக்கும். அம்மா சொன்ன இந்தக் கதையைக் கேட்டு நாக்சன் ஒரு மின்சாரச் சட்டி செய்து 1940இல் காப்புரிமை வாங்கினார். 1970களில் வேறொரு கம்பெனி அதற்கு கிராக்-பாட் என்று பெயர் வைத்து அமெரிக்கா முழுக்க விற்றது.

"பாத்தீங்களா, அம்மா பேச்சைக் கேட்டவன் கோடீஸ்வரன் ஆனான்" என்று முடிப்பார் மாமா.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வரும். "எங்க அப்பாயி கொடியடுப்புல வச்சாக. அவுகளுக்குக் காப்புரிமை வாங்கத் தெரியல."

அத்தை சொன்னதில் பொய்யில்லை. விறகடுப்பில் தீ எரிவது முன்குழியில். பின்னால் ஒட்டியிருக்கும் கொடியடுப்புக்கு மிச்சச் சூடு மட்டும்தான் போகும். அதில் பருப்பு வேகும், வெந்நீர் காயும், குழம்பு சுண்டும், யாரும் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. வரட்டி அடுப்பில் காலையில் ஏற்றிய பால் பொழுது சாய்வதற்குள் பழுப்பேறி, ஆடை தடித்து நிற்கும். குமிழ், கண்ணாடி மூடி, கன்வர்ட்டர் எதுவும் கிடையாது.

அடுத்தது ஊர்ச் சரித்திரம். மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொன்மலை என்று ஒன்பது குன்றுகளின் பெயரையும் ஒப்பிப்பார். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகும்போது சிதறிய துண்டுகள் இவை, அதனால்தான் இங்கே மூலிகைக்குப் பஞ்சமில்லை, அந்த மூலிகையைத்தான் சூப்பில் போடுகிறேன் என்பார். போடுவது கொல்லையில் அத்தை நட்ட கொத்தமல்லி. மேலமலைச் சுனைக்கு அடியில் ஒரு லிங்கம் இருக்கிறது, பெயர் ஜுரஹரேஸ்வரர், காய்ச்சல் தீர்க்கும் சாமி, "ஆக, சூப்புக்கும் இந்த ஊருக்கும் தெய்வ சம்பந்தமே இருக்கு" என்பார்.

"ஜுரஹரேஸ்வரருக்கு எந்தக் கோயில்லயும் மிளகு ரசம்தான் படைக்கிறாக. கிரீம் ஊத்துறதா நான் கேள்விப்படல" என்று உள்ளேயிருந்து வரும்.

கடைசியாக விஜயாலய சோழீசுவரம். மேற்குப் பார்த்த சந்நிதி, சதுரத்துக்குள் வட்டமான கருவறை என்று கையால் காற்றில் வரைந்து காட்டுவார். பிறகு குரலைத் தாழ்த்துவார். "கல்வெட்டு என்ன சொல்லுது தெரியுமா? கட்டினவர் சாத்தன் பூதி, இளங்கோவதியரையர்னு பட்டம். மழையில இடிஞ்சு போச்சு. எடுத்துக் கட்டினவர் மல்லன் விடுமன். ஆனா பேரு யாருக்கு? விஜயாலயனுக்கு!"

அத்தை இப்போது வெளியே வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொல்வார். "அதென்ன அதிசயம். இந்த வீட்டுச் சூப்பும் அப்படித்தான் தம்பி."

பாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பால், கிரீம் இரண்டையும் கடைசி அரை மணியில்தான் சேர்க்க வேண்டும். மணிக்கணக்கில் சூட்டில் கிடந்தால் திரிந்துவிடும், தக்காளிப் புளிப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இந்த ஞானம் மாமாவுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. ஆரம்பத்தில் ஒரு நாள், வெண்மையாக வரவேண்டுமென்று ஒரு லிட்டர் பாலைத் தக்காளியோடு காலையிலேயே ஊற்றிவிட்டார். சாயங்காலம் மூடியைத் திறந்தபோது மேலே தெளிந்த தண்ணீர், கீழே வெள்ளைக் கட்டிகள். "இது காட்டேஜ் சீஸ் சூப்பு" என்று அறிவித்தார். அத்தை வடிகட்டி, கட்டிகளில் பச்சை மிளகாயும் வெங்காயமும் போட்டு வதக்கித் தோசைக்கு வைத்தார். அன்றைக்குத்தான் அந்தச் சட்டியிலிருந்து வந்த ஒன்றை எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மசிப்பதிலும் ஒரு கண்டம் உண்டு. கொதிக்கிற சூப்பை மிக்ஸி நிறைய ஊற்றி மூடிச் சுற்றினால் ஆவி மூடியைத் தூக்கிவிடும். அடுக்களை விட்டத்தில் பரங்கி நிறத்தில் ஒரு திட்டு இருக்கிறது. அது எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை, மாமாவும் மேலே பார்ப்பதில்லை. இப்போது கீரை கடையும் மத்தால் சட்டியிலேயே கடைந்துவிடுகிறார்கள். கடைவது யார் என்று சொல்லத் தேவையில்லை.

பங்குனித் திருவிழா வந்தது. முத்துமாரியம்மனுக்குப் பூச்சொரிதல், காவடி, தேர் என்று சுற்று வட்டார ஊர்களெல்லாம் நார்த்தாமலையில் திரளும் காலம். வழியெங்கும் பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். மாமா தன் பங்குக்குச் சூப்புப் பந்தல் போட்டார். ஆறு லிட்டர் சட்டி, ஆளுக்கு 150 மில்லி, 40 பேருக்கு வரும் என்று கணக்கு. கணக்கில் பிழையில்லை. பங்குனி வெயிலைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை. வெறுங்காலில் நடந்து வந்தவர்கள் ஆவி பறக்கும் கிண்ணத்தை வாங்கிப் பார்த்தார்கள்.

"ஏங்க, இதுல மோர் இல்லையா?"

"இது கிரீமி வெஜிடபிள் சூப்பு. உடம்புக்கு நல்லது."

"நல்லதுதாங்க. ஆறினப்புறம் வரோம்."

ஆறினது. யாரும் வரவில்லை. அத்தை அதில் நாலு பங்கு மோரைக் கலந்து, உப்புப் போட்டுக் கரைத்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டுக் கொடுத்தார். அரை மணியில் காலி. ஒரு பாட்டி குடித்துவிட்டு, "பரங்கிக்கா மோரு நல்லா இருக்கு தாயி" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

கரண்டு கணக்கு ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 200 வாட் சட்டி எட்டு மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட். தினமும் வைத்தால் அறுபது நாளில் 96 யூனிட். "பாத்தியா, இலவசத்துக்குள்ளேயே அடங்குது" என்று மாமா பெருமைப்படுவார். "மிச்சம் நாலு யூனிட்ல விசிறியப் போடுறதா, லைட்டப் போடுறதா?" என்று அத்தை கேட்பார். கேஸ் அடுப்பில் குக்கர் மூன்று விசிலில் இதே காயை வேகவைத்துவிடும் என்பது அத்தையின் நிரந்தர வாதம். "அதுல சத்தெல்லாம் போயிடும்" என்பது மாமாவின் நிரந்தர பதில். என்ன சத்து என்று கேட்டால் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டுவார்.

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புப் பணிக்காகக் காலையிலிருந்து கரண்டு இருக்காது. அந்தத் தேதி பத்திரிகையில் வரும். மாமா தினமும் மூன்று பத்திரிகைகளை வரி விடாமல் படிப்பவர், அந்தச் செய்தியை மட்டும் படிப்பதில்லை. அரை வேக்காட்டில் வெதுவெதுவென்று மணிக்கணக்கில் கிடக்கும் சட்டி கிருமிகளுக்குத்தான் விருந்து. அன்றைக்கு அத்தை ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் குக்கருக்கு மாற்றுவார். மூன்று விசில் வரும்போது மாமா வாசலில் நின்று பஸ் சத்தம் கேட்பதுபோல் பாவனை செய்வார்.

இந்தச் சட்டிமேல் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வயல் வேலை, ஆபீஸ் வேலை என்று பகல் முழுக்க வெளியே இருக்கும் வீட்டுக்கு நல்ல துணை. ராஜ்மா மாதிரிப் பெரிய பயறு போடுவதானால் மட்டும், ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுப்பில் பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகு சட்டியில் போடுங்கள். அதிலுள்ள நச்சு லோ சூட்டில் அடங்காது. இதை மாமாவும் ஒப்புக்கொள்கிறார்.

நார்த்தாமலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலையேறிக் கோயிலைப் பார்த்துவிட்டு நாலு மணிக்கு மேல் இறங்குங்கள். மாமா கூப்பிட்டால் போங்கள். சூப்பு உண்மையிலேயே நன்றாக இருக்கும். குடித்து முடித்ததும் கிண்ணத்தை நீங்களே கழுவி வைத்துவிடுங்கள். மாமா கழுவுவதாக இல்லை.