ஒப்புக்குச் சப்பாணி

எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் 'விளையாட்டு' என்ற சொல்லின் ஆயுள் ஆளுக்கு ஆள் மாறும். பெண் பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அது செத்துப்போகும். பையனுக்கு முப்பது தாண்டியும் திடகாத்திரமாக இருக்கும். எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்தால், "விளையாட்டாப் பண்ணிட்டானுங்க." வகுப்பில் முன் பெஞ்சுப் பெண்ணின் சடையைப் பின் மேசையோடு கட்டிவைத்தால், "விளையாட்டுப் புள்ளைங்க, விடுங்க டீச்சர்." லைசென்ஸ் வாங்கும் வயசுக்கு முன்னால் அப்பாவின் புல்லட்டை எடுத்துக்கொண்டு போய் ரோட்டோர இளநீர்க்காரரை இடித்துத் தள்ளினாலும் அதே சொல்தான். ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டிவிட்டுச் சொல்வார்கள், குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்: "வண்டி நல்லா ஓட்டுவானுங்க. அன்னைக்கு என்னமோ கிரகம்."

தெருவில் கிரிக்கெட் ஆடிய எவருக்கும் இந்தப் பையனைத் தெரியும். பேட் அவனுடையது. முதல் பந்தில் செங்கல் அடுக்கு சாய்ந்தால் 'ட்ரயல் பால்' என்பான். அடுத்ததில் கேட்ச் பிடித்தால் 'நோ பால்'. மூன்றாவது முறை, பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பான். ஆட்டம் நின்றுபோகும். நாங்கள் நாலு பேர் போய்க் கெஞ்ச வேண்டும். அவன் அம்மா வாசலில் நின்று புத்தி சொல்வது எங்களுக்குத்தான்: "அனுசரிச்சு வெளையாடுங்க கண்ணுகளா, அவன் கோவக்காரன்." கோபம் என்பது அந்த வீட்டில் நட்சத்திரம், ராசி மாதிரி ஒரு பிறவிச் சங்கதி. மாற்ற முடியாது, ஊர்தான் பொருத்தம் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்.

நம் விளையாட்டுகளில் வாண்டுகளுக்கென்று ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஒப்புக்குச் சப்பாணி. மூன்று வயசுக் குழந்தையும் கூட்டத்தோடு ஓடலாம், ஒளியலாம். பிடிபட்டாலும் அவுட் கிடையாது. ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு வருஷம். பிறகு ஒரு சாயங்காலம் பெரிய பையன் ஒருத்தன், "இனி உனக்கும் அவுட்டு உண்டுடா" என்பான். அன்றைக்கு அந்தக் குழந்தை அழும். ராத்திரி சாப்பிடும்போது அதையே பெருமையாக வீட்டில் சொல்லும். நியாயம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை எந்தப் பள்ளிக்கூடமும் நடத்துவதில்லை, கட்டணமும் கிடையாது.

சில தோட்டத்து வீடுகளில் அந்தச் சாயங்காலம் வருவதே இல்லை. ஒரு பையனோடு நிறுத்திக்கொள்வது எங்கள் பக்கத்துச் சொத்துக் கணக்கு. தென்னந்தோப்பு இரண்டாகப் பிரியக்கூடாது பாருங்கள். (அந்த ஒற்றைப் பையன்களுக்கு இப்போது உள்ளூரில் பெண் கிடைக்காமல் பாலக்காட்டுப் பக்கம் தரகர்களை அனுப்பிக்கொண்டிருப்பது தனிக்கதை. கணக்கில் நாங்கள் எப்போதும் கெட்டி.) ஒற்றைப் பையன் விழுந்தால் தரையை அடிப்பார்கள். தோற்றால் ஜெயித்தவனை முறைப்பார்கள். பரீட்சையில் கோட்டை விட்டால் வாத்தியார் சரியில்லை. இருபது வயசில் கார்ச் சாவி கைக்கு வரும்போது அவன் மீசை வைத்த ஒப்புக்குச் சப்பாணி. இதற்கு ஊர் வைத்திருக்கும் பெயர் 'தைரியமான பையன்'.

பெண்ணின் கதைக்கு மண்டபம் வேண்டும்.

ஏழாவது படிக்கும் பெண். போன வாரம் வரை பக்கத்துத் தோட்டத்துக் கொய்யா மரத்தில் ஏறி உட்கார்ந்து, கீழே நிற்கும் பையன்களின் தலையைக் குறிபார்த்துக் காயை எறிந்துகொண்டிருந்தவள். ஒருநாள் வயசுக்கு வந்துவிடுகிறாள். உடனே திரட்டிச் சீருக்கு மண்டபம் பிடிக்கிறார்கள். ரோட்டில் இரண்டு பக்கமும் ஃபிளெக்ஸ். அதில் இளவரசி வேஷத்தில் அவள், பின்னால் எதற்கென்றே தெரியாத ஒரு நீர்வீழ்ச்சி, கீழே மாமன்மார் பெயர்கள் பதவிகளோடு. மாமன் சீர் நூற்றொரு தட்டு ஊர்வலமாக வரும். பழம், பட்டு, வளையல், சாக்லேட்டில் செய்த கோபுரம், மேக்கப் பெட்டி. மேலே டிரோன் கேமரா. ஒறம்பரை அத்தனையும் வந்து மொய் எழுதி, இலையில் உட்கார்ந்து, பெண் வளர்ந்துவிட்டாள் என்ற செய்தியை வயிறாரச் சாப்பிட்டுப் போகும்.

மறுநாள் காலையில் சட்டம் அமலுக்கு வரும். "இனிமேல் தெருவுல நிக்காதே அம்மணி." "காலை ஒடுக்கி உட்காரு சாமி." "அதென்ன அப்பிடிச் சிரிப்பு?" இவளுடைய உடம்பைப் பற்றி நேற்று ஐந்நூறு பேருக்கு அழைப்பிதழ் அடித்துச் சொன்னவர்கள், இன்று அதே உடம்பை யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அவள் எறிந்த கடைசிக் கொய்யாக்காய் மரத்தடியிலேயே கிடந்து அழுகியது.

ஐரிஸ் மேரியன் யங் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1980இல் ஒரு கட்டுரை எழுதினார். பெண்கள் பந்தை எறியும் விதம்தான் விஷயம். முழு உடம்பையும் சுழற்றாமல் கையை மட்டும் வீசுகிறார்கள். வருகிற பந்தை எதிர்கொண்டு பிடிக்காமல் தங்களை அடிக்க வருவதுபோல் ஒதுங்குகிறார்கள். இதற்கான காரணத்தை அவர் எலும்பிலும் தசையிலும் தேடவில்லை, வளர்ப்பில் தேடினார். அடிபடும், அழுக்காகும், ஆள் பார்ப்பான் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த உடம்பு, தன்னைச் சுற்றியிருக்கும் வெளியைத் தன்னுடையதாக நினைப்பதில்லை என்றார். அவர் பொள்ளாச்சிக்கு வந்ததில்லை. வந்திருந்தால் ஒரு திரட்டிச் சீருக்குக் கூட்டிப்போயிருப்பேன். கட்டுரை இன்னும் சுருக்கமாக முடிந்திருக்கும்.

பள்ளிக்கூடம் சரிசெய்யும் என்பீர்கள். பி.இ.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார்; திருப்பிக் கொடுத்த வரலாறு இல்லை. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு 'பிராய்லர்' என்று ஊரே பெயர் வைத்துவிட்டது. மிச்சமிருக்கும் மைதானம் பையன்களுக்கு. பெண்களுக்கு ஓரமாக ஒரு டென்னிகாய்ட் வளையம்.

இப்படி ஒரு பக்கம் அவுட்டே ஆகாதவர்களையும், இன்னொரு பக்கம் ஆட்டம் தொடங்கும் முன்பே அவுட்டானவர்களையும் கவனமாக வளர்த்து ஒரே ஊரில் விட்டோம். 2019 பிப்ரவரியில் அதன் பலன் தெரிந்தது.

பொள்ளாச்சி என்றால் அதுவரை இளநீர், மாட்டுச் சந்தை, 'தேவர் மகன்' எடுத்த இடம். அந்த மாதம் பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் போலீசில் புகார் கொடுத்தார். பிறகு தெரியவந்தது ஒரு கும்பலின் பல வருஷத் தொழில். ஃபேஸ்புக்கில் பழகுவது, நம்பவைப்பது, காரிலோ தோட்டத்து வீட்டிலோ கொண்டுபோய்ச் சீரழிப்பது, அதைப் படம் எடுப்பது, படத்தைக் காட்டிப் பணமும் நகையும் பறித்து, மறுபடியும் வரச் சொல்வது.

அந்த மிரட்டலைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வெளியே விட்டுவிடுவோம், வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் அதன் சாரம். அவர்கள் ஆயுதமாகக் காட்டியது அந்தப் பெண்ணின் அப்பாவை. அண்ணனை, சித்தப்பனை, பக்கத்து வீட்டுக்காரரை. தன்னை நாசம் செய்தவனைவிடத் தன் வீட்டுக்கு ஒரு பெண் அதிகம் பயப்படுவாள் என்று அவர்கள் போட்ட கணக்கு வருஷக்கணக்கில் தப்பவே இல்லை. அந்தத் தொழிலுக்கு முதல் போட்டது நாம்தான். வட்டியும் கேட்காமல் போட்டோம்.

அந்தப் பயம் பெண்களின் கற்பனை என்று சொல்பவர்களை உடுமலைப்பேட்டைக்கு அனுப்பலாம். பக்கத்து ஊர்தான். 2016 மார்ச் 13 அன்று அங்கே பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கர் என்ற பொறியியல் மாணவரை வெட்டிக் கொன்றார்கள். தலித் இளைஞர் அவர். வேறு சாதிப் பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்தது குற்றம். மனைவியையும் வெட்டினார்கள். கேமராவில் பதிவான அந்தக் காட்சி எங்கள் பக்கத்துக் கைப்பேசிகளில் எல்லாம் சுற்றியது. மகளை உட்காரவைத்துச் சொல்ல வேண்டிய பாடத்தை வாட்ஸ்அப் சொல்லிவிட்டது.

இத்தனையையும் மீறி அந்த மாணவி வீட்டில் சொன்னார். வீடு அவர் பக்கம் நின்றது. அதற்குக் கூலியாக அவருடைய அண்ணனை அடித்தார்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிடக்கூடாது என்பது சட்டம். மாவட்டப் போலீஸ் அதிகாரி நிருபர்களைக் கூட்டிவைத்துப் பெயரைச் சொன்னார். வாய் தவறிவிட்டது போலும் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்வதற்குள், வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றும் அரசாணையிலும் பெயரை அச்சடித்தார்கள். அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2021 ஜனவரியில் சி.பி.ஐ. இன்னும் மூன்று பேரைப் பிடித்தது. அதில் ஒருவர் அப்போதைய ஆளுங்கட்சியின் நகர மாணவரணிச் செயலாளர். முப்பதைத் தாண்டியவர் அந்த அணியில் என்ன படித்துக்கொண்டிருந்தார் என்று கேட்காதீர்கள். கைதான பிறகு கட்சி அவரை நீக்கியது.

ஊர் என்ன செய்தது? மாணவர்கள் ரோட்டில் உட்கார்ந்து போராடினார்கள். அது ஒன்றுதான் ஆறுதல். பெரியவர்கள் உடனடி நடவடிக்கை எடுத்தார்கள்: பெண்களின் கைப்பேசியைப் பிடுங்கினார்கள். மாலை வகுப்பை நிறுத்தினார்கள். கல்லூரிக்கு அண்ணன் கொண்டுபோய் விட்டு, அண்ணன் கூட்டிவர வேண்டும் என்றார்கள். 'பெண் குழந்தைகளை எச்சரிக்கையாக வளர்ப்பது எப்படி' என்று கூட்டங்களில் பேசினார்கள்; மேடையில் வரிசையாக ஆண்கள். மகனின் கைப்பேசியை வாங்கிப் பார்த்த ஓர் அப்பாவை நான் அந்த வருஷம் சந்திக்கவில்லை. "ஆறு மணிக்கு மேல வெளிய சுத்தாதே, காலம் கெட்டுக்கெடக்குது" என்று ஒரு மகனிடம் சொன்ன அம்மாவையும் பார்க்கவில்லை. காலத்தைக் கெடுத்தவர்கள் யாரோ வெளியூர்க்காரர்கள் மாதிரி பேசிக்கொண்டோம்.

டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார்: "அந்தப் புள்ளைக எதுக்குங்க கார்ல ஏறுச்சு?"

இவருக்கு ஈராயிரம் வருஷ வம்சாவளி உண்டு. பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலைக்குப் போனால் மாசாணியம்மன் கோயில். நிற்காமல், உட்காராமல், மல்லாந்து படுத்திருக்கும் அம்மன். அவள் யார் என்று கேட்டால் ஆனைமலைக்காரர்கள் நன்னன் கதையைச் சொல்வார்கள். குறுந்தொகையில் பரணர் பாடிய அதே கதை. ஆற்றில் குளிக்கப் போன ஒரு பெண் தண்ணீர் இழுத்துக்கொண்டுவந்த மாங்காய் ஒன்றை எடுத்துத் தின்றாள். அது மன்னனின் காவல் மரத்துக் காய். 81 யானைகளும் அவள் எடைக்குப் பொன்னில் செய்த பாவையும் தருகிறோம் என்று அவள் தரப்பில் மன்றாடினார்கள். நன்னன் கேட்கவில்லை, கொன்றுவிட்டான். பேட் அவனுடையது, மரம் அவனுடையது. அன்றைக்கும் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, "அவ எதுக்குங்க ஆத்துக்குப் போனா?" என்று நிச்சயம் கேட்டிருப்பார்.

கொல்லப்பட்டவளைப் பிற்பாடு சாமியாக்கிவிட்டோம். அநியாயத்துக்கு ஆளானவர்கள் வந்து மிளகாயை அரைத்து அங்கே இருக்கும் நீதிக்கல்லில் பூசுகிறார்கள். போலீஸ் ஸ்டேஷனில் எரியவேண்டியது ஆனைமலையில் எரிகிறது.

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் அந்தக் கும்பலின் ஒன்பது பேரையும் குற்றவாளிகள் என்றது. சாகும் வரை சிறை. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு. தண்டனையைச் சொல்லும் முன் குற்றவாளிகள் தரப்பில் கருணை கேட்டார்கள். காரணங்களாகச் சொன்னவை: இளம் வயது, வீட்டில் வயசான அப்பா அம்மா. ஆறு வருஷ விசாரணைக்குப் பிறகும் சின்னப் பையன்கள்! அப்பா அம்மாவைக் காட்டி அந்தப் பெண்களை மிரட்டியவர்கள், கடைசியில் தங்கள் அப்பா அம்மாவின் முந்தானைக்குள்தான் ஒளியப் பார்த்தார்கள். நீதிமன்றம் பேட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "இனி உனக்கும் அவுட்டு உண்டு" என்றது. ஏழு வயசில் தெருவில் ஓர் அண்ணன் ஓசியில் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது.

அன்றைக்கு ஊரில் பட்டாசு வெடித்தவர்களும் உண்டு. எனக்குக் கொண்டாடத் தோன்றவில்லை. ஒன்பது பேரும் ஏதோ காட்டிலிருந்து இறங்கிவந்த மிருகங்கள், கூண்டில் அடைத்தாயிற்று, ஊர் சுத்தம் என்று எல்லோரும் வேகவேகமாகத் தீர்மானித்துவிட்டதுதான் காரணம். அவர்களும் நம் தெருக்களில் ஆடியவர்கள்தான். நம்மில் யாரோ போய்க் கெஞ்சி ஆட்டத்துக்குத் திரும்பக் கூட்டிவந்தவர்கள்தான்.

இன்னொரு செய்தியை அதே வேகத்தில் மறந்துவிட்டோம். இந்த வழக்கில் 48 சாட்சிகள். ஒருவர்கூடப் பிறழவில்லை. குனிந்து உட்கார், சிரிக்காதே, பார்க்காதே என்று நாம் வளர்த்த பெண்கள் எட்டுப் பேர் நிமிர்ந்து நின்று சொன்னார்கள். அந்தத் தைரியத்தை எந்த வீடும் எந்தப் பள்ளியும் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. நாம் எடுத்துக்கொண்டதை அவர்களே தேடி மீட்டுக்கொண்டார்கள்.

வரும் முகூர்த்தத்தில் மண்டபங்கள் மறுபடி நிரம்பும். மாமன்மார்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். சாக்லேட் கோபுரம் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நூற்றொரு தட்டில் ஒரு தட்டில் மட்டும் ஒரு ரப்பர் பந்து வையுங்கள். மறுநாள் காலையில் அவளைத் தெருவுக்கு அனுப்பி எறியச் சொல்லுங்கள், முழுக் கையும் தோளும் சுழல. அது எதிர்வீட்டு ஜன்னலை உடைத்தால் வாசலுக்கு வந்து சொல்லுங்கள்: விளையாட்டாப் பண்ணிட்டாளுங்க.