வராந்தாவில் கேட்ட கேள்விகள்

2004 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஜுசாட் விண்ணுக்குப் போனது. கல்விக்கென்றே ஒரு செயற்கைக்கோள், நாட்டின் எந்த மூலைக்கும் இனி பாடம் போய்ச் சேரும் என்று செய்தித்தாளில் படித்தோம். அப்போது நான் ஜவ்வாது மலையில் வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர். அதே மலைத்தொடரில், காவலூரில், 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 முதல் வானத்தை ஆராய்ந்துகொண்டிருக்கிறது. எங்கள் ஈராசிரியர் பள்ளிகளிலோ, பின்னக் கணக்கை எப்படித் தொடங்குவது என்று ஓர் ஆசிரியருக்குக் குழப்பம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. கூட வேலை பார்ப்பவர் அன்று கணக்கெடுப்புக்கோ கூட்டத்துக்கோ போயிருப்பார். தொலைபேசி இல்லை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் போளூருக்கு இறங்க வழியும் இல்லை.

அந்தத் தனிமையைப் பற்றி யாரும் அறிக்கை எழுதியதில்லை. கட்டடம் இல்லை, கழிப்பறை இல்லை என்று எழுதுவார்கள். அவையெல்லாம் உண்மையான குறைகள்தான். ஆனால், நாள் முழுக்க ஐந்து வகுப்புகளையும் ஒரே கூடத்தில் வைத்துக்கொண்டு மல்லாடுகிற ஒருவருக்கு, தொழில் பேச இன்னோர் ஆள் இல்லாமல் போவது எவ்வளவு பெரிய குறை என்பதை மலையில்தான் நான் கண்டேன்.

இருந்த ஒரே வழி குறுவள மையக் கூட்டம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை. சி.ஆர்.சி. என்று சொன்னால்தான் எல்லாருக்கும் தெரியும். கூடத்துக்குள் நாங்கள் சுற்றறிக்கை வாசிப்போம், கட்டகத்தைப் பக்கம் பக்கமாக நடத்துவோம். "ஏதாவது சந்தேகம் உண்டா?" என்று கேட்டால் ஒரு கை உயராது. பதினொரு மணிக்கு டீ வரும். எல்லாரும் வராந்தாவுக்குப் போவார்கள். அங்கேதான் பயிற்சி நடக்கும். 2007இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது, பாட அட்டைகளும் கற்றல் ஏணிப் படங்களும் பெட்டி பெட்டியாக மலையேறின. ரிஷிவேலிப் பள்ளியில் உருவாகி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் வேரூன்றிய முறை அது. நல்ல முறை. ஆனால், "நாலு வகுப்புப் பிள்ளைங்களும் ஆளுக்கொரு படியில நிக்குது டீச்சர், யாரை முதல்ல பார்க்கறது?" என்று ஓர் இளம் ஆசிரியர் கேட்டது வராந்தாவில்தான். பதில் சொன்னதும் நானில்லை. டம்ளரைக் கையில் பிடித்தபடியே, தான் காலையில் குழு பிரிக்கும் விதத்தை இன்னொரு டீச்சர் விரலால் சுவரில் வரைந்து காட்டினார். அந்தப் பதில் அந்த வராந்தாவோடு நின்றுபோனது. பக்கத்து மையத்தில் அதே கேள்வியோடு இருந்தவருக்கு அது போய்ச் சேரவில்லை.

கணினி வந்த கதையும் ஏறக்குறைய இப்படித்தான். நடுநிலைப் பள்ளிகளுக்குக் கணினி கொடுத்தார்கள். தூசி படாமல் உறை போட்டு, அறையைப் பூட்டி, சாவியைத் தலைமையாசிரியர் வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பழுதானால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். பழுது பார்க்கும் ஆள் கீழேயிருந்து வர வேண்டும். மின்சாரம் எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரியாது. பயிற்சி என்ற பெயரில் ஒரு கணினியைச் சுற்றி முப்பது பேரை உட்கார வைப்பார்கள். மவுஸ் முன்வரிசையைத் தாண்டாது.

பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருந்த ஒரு டீச்சர் நினைவுக்கு வருகிறார். பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகும் நின்றுகொண்டிருந்தார். "சார், இதைத் தொட்டா உள்ள இருக்கிறது ஏதாச்சும் அழிஞ்சிடுமா?" என்று தணிந்த குரலில் கேட்டார். அழியாது என்று சொல்லி உட்கார வைத்தேன். தம் வகுப்புப் பிள்ளைகளின் பெயரைத் தமிழில் அடிக்க வேண்டும் என்றார். ஒவ்வோர் எழுத்தையும் விசைப்பலகையில் தேடி, 'ஞ' கிடைக்காமல் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து, ஒரு விரலால் பட்டியலை முடித்தார். அதைக் கணினித் தட்டில் ஏற்றி எடுத்துப் போய், ஜமுனாமரத்தூரில் இருந்த கடையில் அச்செடுக்கத் திறந்தால் எல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. அங்கே வேறு எழுத்துரு. வானவில் எழுத்துருவில் அடித்தது இன்னொன்றில் திறக்காது. அந்தக் காலத்தில் ஆசிரியர்கள் வினாத்தாளோடு பட்ட பாடு அது. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. பிறகு கைப்பேசிகளில் தமிழ் நேராகவே வந்ததும்தான் அந்தத் தலைவலி தீர்ந்தது. எழுத்துருச் சிக்கலைச் சின்ன விஷயமாகப் பலர் பேசுவார்கள். தன் மொழியில் தான் அடித்ததைத் தானே படிக்க முடியாதபோது, "இதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று எத்தனையோ நல்ல ஆசிரியர்கள் விலகிப் போனார்கள். அவர்களைத் திரும்ப அழைத்து வர ஆண்டுகள் ஆயின.

இன்றைய நிலை வேறு. 2016க்குப் பிறகு இணையக் கட்டணம் மலிந்தது. ஆசிரியர் கைகளில் தொடுதிரைக் கைப்பேசி வந்தது. 2017இல் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத ஆசிரியர்களுக்கு மாநில அளவில் பயிற்சி கொடுத்தார்கள். அதுவரை வினாத்தாளைத் தவிர எதையும் எழுதி வெளியிடாதவர்கள் தம் ஊரைப் பற்றியும் செடிகொடிகளைப் பற்றியும் கட்டுரை எழுதினார்கள். 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு இருந்தது. முந்தின ஆண்டு தொடங்கிய தீக்ஷா செயலியில் அதை ஸ்கேன் செய்தால் காணொளி திறக்கும். மலையின் பல பள்ளிகளில் சிக்னல் எட்டாது. எங்கள் ஆசிரியர்கள் அதற்கும் வழி கண்டார்கள்: இரவில் போளூர் வீட்டில் மறுநாள் பாடத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு, காலையில் மலையேறி, கைப்பேசியைச் சுற்றிப் பிள்ளைகளை உட்கார வைத்துக் காட்டினார்கள். அந்த ரீசார்ஜ் செலவு அவர்கள் சம்பளத்திலிருந்து போனது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அடுத்த ஆண்டே பெருந்தொற்றில் பள்ளிகள் மூடியபோது அது பெரிதும் உதவியது. 2024இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினியும் கிடைத்தது.

ஆக, கருவி வந்துவிட்டது. ஆசிரியர்களை ஒருவரோடு ஒருவர் இணைக்கும் வாட்ஸ்அப் குழுக்களும் வந்துவிட்டன. என் மனத்தை இன்று உறுத்துவது அந்தக் குழுக்களுக்குள் நடப்பதுதான்.

ஓர் ஒன்றியக் குழுவைத் திறந்து பாருங்கள். 'மிக அவசரம்', 'இன்று மாலை 4 மணிக்குள்', 'இதுவரை பதிவேற்றாத பள்ளிகள்' என்று பட்டியல் பட்டியலாக வரும். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். யாருமே பாடத்தைப் பற்றிக் கேட்பதில்லை. எப்படிக் கேட்பார்கள்? குழுவில் அலுவலர் இருக்கிறார், தலைமையாசிரியர் இருக்கிறார், நேற்றுச் சேர்ந்த இளையவர்களும் இருக்கிறார்கள். பதினைந்து ஆண்டு பணி முடித்த ஒருவர் அத்தனை பேர் முன்னால் "எனக்கு இது தெரியவில்லை" என்று எழுதத் துணிய மாட்டார். நாங்கள் கூடத்தில் "சந்தேகம் உண்டா?" என்று கேட்டபோது நிலவிய அமைதி அப்படியே கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. பதிவேற்றம் முடியாத கவலையில் டீச்சர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை நானே கண்டிருக்கிறேன். வகுப்புக்கு உதவ வந்த கருவி வகுப்பு நேரத்தையே தின்பதைப் பார்க்க எனக்கு வலிக்கிறது.

வராந்தாவும் கைப்பேசிக்குள் வந்திருக்கிறது என்பதுதான் ஆறுதல். ஆசிரியர்கள் தாங்களாகவே தொடங்கிய சிறு குழுக்கள் உண்டு. நான் ஓய்வு பெற்ற பிறகு அப்படி ஒன்றில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். சுற்றறிக்கைக்கு இடமில்லை, காலை வணக்கப் படங்களுக்கும் இடமில்லை. பாடத்தைப் பற்றிக் கேட்கலாம், யாரும் சிரிக்கக் கூடாது. இவை மட்டுமே விதி. ஒரு நாள் இரவு, மலையில் புதிதாகப் பணியில் சேர்ந்த ஒருவர் ஒரு குரல் பதிவு போட்டார். சாமை அறுவடைக்குப் பெற்றோரோடு போய்விட்டு பல வாரங்கள் கழித்து வந்த பிள்ளைகள், கற்ற எழுத்தை மறந்துவிட்டார்கள், என்ன செய்வது என்று. ராமநாதபுரத்திலிருந்து பதில் வந்தது. அங்கே உப்பளத்துக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக ஒரு டீச்சர் தயாரித்து வைத்திருந்த சொல் அட்டைகளைப் படம் எடுத்து அனுப்பினார். இவர் 'உப்பு', 'பாத்தி' என்ற சொற்களை எடுத்துவிட்டு 'சாமை', 'தேன்', 'புளி' என்று மாற்றி எழுதிக்கொண்டார். மலைக்கும் கடற்கரைக்கும் நடுவே ஓர் இரவில் நடந்த அந்தப் பேச்சுக்காக 2004இல் நாங்கள் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்போம்.

இத்தகைய குழுக்களுக்கு வெளியே இன்னும் நிறைய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கைப்பேசி இருக்கிறது, பழக்கம் இல்லை. பழக்கம் இருந்தால் தைரியம் இல்லை. அவர்களுக்கு இணையவழிப் பயிற்சி என்று மேலும் ஒரு காணொளியை அனுப்பிப் பயனில்லை. பார்த்ததாகப் பதிவு செய்வதற்காக அதை ஓடவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். அன்று அந்த டீச்சர் பயிற்சி முடிந்தும் போகாமல் நின்றாரே, அப்படி நிற்பவரின் பக்கத்தில் அவசரப்படாமல் உட்கார இன்னோர் ஆசிரியர் வேண்டும். சொல்லிக்கொடுப்பவர் அதே பஸ்ஸில் வந்து அதே வகுப்புகளை நடத்துபவராக இருந்தால் கேட்பதற்குக் கூச்சம் இருக்காது.

துறைக்கு என் வேண்டுகோள் இதுதான். சி.ஆர்.சி. கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை ஆசிரியர்களிடமே விட்டுவிடுங்கள். அந்த நேரத்துக்கு நிகழ்ச்சி நிரல் வேண்டாம், அலுவலரும் வேண்டாம், அன்றைக்கு எந்தப் பதிவேற்றமும் கேட்க வேண்டாம். மையத்துக்கு ஒரு நல்ல இணைய இணைப்பு கொடுங்கள்; கைக்காசு போட்டுப் பாடம் இறக்குபவர்களுக்கு அந்தச் செலவைத் திருப்பிக் கொடுங்கள். கைப்பேசியில் தேர்ந்த இரண்டு டீச்சர்கள், தயங்கி நிற்கும் இருவரின் பக்கத்தில் உட்காரட்டும். தம் வகுப்பில் அந்த வாரம் தடுமாறிய இடத்தை அவர்களே தமிழில் தட்டச்சு செய்து, தங்கள் சொந்தக் குழுவில் தங்கள் பெயரிலேயே கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.