ஒற்றைச் சிறகுப் பாடகர்

கோலார் தங்கவயலின் நந்திதுர்க் லைன் வீடுகளில் தெருவுக்கு ஒருவர் இருப்பார். பெயர் வேண்டாம், "ஹீரோ" என்றால் திரும்பிப் பார்ப்பார். வயது இருபத்திரண்டு முதல் வேலை கிடைக்கும்வரை. அப்பாவை எழுப்பியது தங்கச் சுரங்கத்துச் சங்கு. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். மகனை எழுப்புவது, மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலும் அதில் ஏறும் ஒரு பெண்ணும்.

இவரைப் புரிந்துகொள்ள, கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கிற பழ ஈயைப் பார்த்தால் போதும். ஆண் ஈ முதலில் பெண் இருக்கும் பக்கம் திரும்பி நிற்கும். பிறகு பின்னாலேயே நடக்கும். முன்னங்காலால் லேசாகத் தட்டும். அதற்குக் காலிலேயே நாக்கு, தொட்டால் ருசி தெரிந்துவிடும். (இந்தக் கட்டத்தை நம்ம ஹீரோ தாண்டிவிடுவார். செருப்பின் ருசி தெரிந்தவர்.) அடுத்து, ஒரே ஒரு சிறகை நீட்டி அதிரவைத்துப் பாடும். ஹீரோவும் ஒற்றைக் கையை நீட்டுவார், அதில் செல்போன், அதில் இளையராஜா, பெட்டி முழுக்கக் கேட்கும்.

ஈயின் பாட்டில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் சுமார் 35 மில்லி செகண்ட் இடைவெளி. வேறு வகை ஈ என்றால் இடைவெளியும் வேறு. ஈக்களும் ஜாதி பார்க்கும், ஆனால் தாளத்தை வைத்துத்தான். பிடித்திருந்தால் பெண் ஈ நடையைக் குறைக்கும். பிடிக்காவிட்டால் ஓடும், சிறகை உதறும், பின்னங்காலால் ஒரு உதை விடும். நம்ம ஊர்ப் பெண் பக்கத்து சீட்டில் பையை வைத்துவிட்டு ஜன்னலோரம் பார்ப்பாள். வெளியே சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகூட அப்போது அழகாகத் தெரியும் போல.

நடன ஈ என்று இன்னொரு குடும்பம். அதில் சில ஆண்கள் பூச்சி பிடித்துப் பட்டு நூலில் சுற்றிச் சீராகக் கொண்டுபோகும். சில வகைகள் இன்னும் கெட்டி: வெறும் நூல் பந்து, உள்ளே ஒன்றுமே கிடையாது. ஹீரோவின் பொட்டலம், "இன்டர்வியூ முடிஞ்சுது, ஆஃபர் லெட்டர்தான் வரணும்." மூன்று வருஷமாக அதே பொட்டலம், சுற்றிய நூல்தான் பளபளப்பு.

நிராகரிக்கப்பட்ட ஆண் ஈக்கள் ஆல்கஹால் கலந்த தீனியை அதிகம் நாடுவதாக 2012-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அந்த உண்மையை ராபர்ட்சன்பேட்டையில் எந்தக் கடைக்காரரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். ஆனால் ஈக்குப் புத்தியும் உண்டு. ஏற்கெனவே இணைசேர்ந்த பெண்ணிடம் ஒரு மணி நேரம் உதை வாங்கிய ஆண், அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு எந்தப் பெண்ணைக் கண்டாலும் அடக்கமாகவே இருக்கும்.

நேற்று ராத்திரி டீக்கடைக்கு ஹீரோ ஓடிவந்தார். "அண்ணா, அந்தப் பொண்ணு என்கிட்ட பேசிடுச்சுண்ணா!"

"என்னடா சொல்லுச்சு?"

"சவுண்டைக் கம்மி பண்ணுங்கன்னுச்சு." டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "பண்ணுன்னு சொல்லலண்ணா. பண்ணு*ங்க*."