கடைசி நேரத்துக் கெட்டிக்காரன்

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. கைப்பிள்ளை இன்னும் தொட்டில்ல கெடக்கு, அடுத்ததைத் தள்ளிப்போட என்னலே ஏற்பாடுன்னு கேட்டா, “அதெல்லாம் கடைசி நேரத்துல வெளிய வந்துருவேன் தாத்தா, நான் பாத்துக்கிடுதேன்”ங்க. அடேயப்பா! காலையில அஞ்சு மணி பஸ்ஸை ஒரு நாளாவது நேரத்துக்குப் போயிப் பிடிச்சிருக்கியாலே நீ?

நான் கமலை இறைச்சவன். கூனை மேல வந்து வாய்க்கால்ல சாயுததுக்கு முந்தியே வழி நெடுகச் சொட்டிக்கிட்டுத்தான் வரும். உன் சோலியும் அப்படித்தான். முன்னால கசியுத ஈரத்துலயே சில பேருக்கு விந்தணு இருக்கும்னு டாக்டர்மாரு சொல்லுதாவ. உள்ள போனது அஞ்சு நாள் வரைக்கும் உசிரோட உலாத்துமாம். நீ சாதிச்சுட்டேன்னு குறட்டை விட்டுக்கிட்டுக் கெட, அது பாட்டுக்கு அது நடந்துபோகும்.

100 ஜோடி இதையே நம்பி ஒரு வருசம் ஓட்டுனா, ஏறக்குறைய 20 வீட்டுல புளிப்பு மாங்கா தேடுவாவ. ஒரு தடவை கூடப் பிசகாத மகராசன்மாரு வீட்டுலயே நாலு தப்பாது. ஒண்ணுமே செய்யாம கெடக்கதுக்கு இது மேலுதான், இல்லேங்கல. உங்க அப்பனும் இந்த வித்தை படிச்சவன்தான். மூணோட நிறுத்திட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். நீ நாலாவது, தெரியும்லா?

உனக்கு ஒரு நிமிசத்து உசாரு. அவளுக்கு மாசம் பூரா திகிலு. விடியக்காலம் காப்பித் தண்ணி வைக்குததுக்கு முந்தி காலண்டர் தாளைக் கிழிச்சுட்டு, அதைக் கையில வச்சுக்கிட்டே விரல்விட்டு எண்ணிக்கிட்டு நிக்கா. நீ அப்பம் சொவரைப் பாத்துத் திரும்பிப் படுத்திருப்ப.

1968-ல நிரோத்னு ஆணுறை வந்துச்சு. மூணு உறை 15 பைசா. டீத்தூள் கம்பெனிக்காரனும் சோப்புக் கம்பெனிக்காரனுந்தான் அதைக் கடை கடையாக் கொண்டாந்து போட்டாவ. வாங்கி மாட்டுன பெரியாளுகளை விட வாங்கி ஊதுன பொடியன்மாரு அதிகம். கோயில் கொடையில பலூன்காரன் யாவாரமே படுத்துப்போச்சு!

இப்பம் அதே உறையை ஆரம்ப சுகாதார நிலையத்துல சும்மா தாராவ. நோய் நொடிக்கும் அதுதான் காவல்; உன் வித்தை அதுக்கு ஒண்ணுக்கும் ஆவாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடுத அந்தரா ஊசி இருக்கு. பத்து வருசம் தாங்குத காப்பர்-டி இருக்கு. எது சரின்னு அவளையும் கூட்டிக்கிட்டுப் போயிக் கேளு, வயிறு அவளோடதுலா. இனிமே பிள்ளையே வேண்டாம்னா ஆம்பளைக்கும் கத்தி வைக்காத ஆபரேசன் இருக்கு. அதுலயும் அவசரப்படாத, பண்ணுன அன்னைக்கே கோட்டையைப் பிடிச்சாச்சுன்னு நினைக்கக் கூடாது. மூணு மாசம் உறை போட்டுக்கிடணும். பொறவு பரிசோதனை பண்ணி, அணு இல்லேன்னு டாக்டர் சொன்னாத்தான் விடுதலை.

என்னலே, தலையைச் சொறியுத? நர்சம்மாகிட்ட கேக்க வெக்கமா இருக்கோ? சரி, தாத்தாவுக்குத்தான்னு சொல்லி வாங்கிட்டு வா. ஊருக்குள்ள எனக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?