காசிக்குப் போன குவார்ட்டர்பேக்

வாங்க தம்பிகளா, கிரீன் பே பிள்ளைங்களா. தலையில இருக்கிற அந்த மஞ்சள் பாலாடைக்கட்டித் தொப்பியை மட்டும் கழட்டி ஓரமா வெச்சுட்டு உக்காருங்க. அதைக் கவுத்துக்கிட்டு ஒருத்தன் நியாயம் பேசினா எனக்கு நியாயம் காதுல விழாது, சிரிப்புத்தான் வரும். நாலாம் நம்பர் ஃபார்வ் சட்டைக்காரங்க இந்தப் பக்கம். பன்னெண்டாம் நம்பர் ராட்ஜர்ஸ் சட்டைக்காரங்க அந்தப் பக்கம். பத்தாம் நம்பர் போட்ட பொடிசுகளா, நீங்க சும்மா கேட்டுக்கிட்டு இருங்க. உங்க முறையும் வரும்.

என்ன வழக்கு? 2008ல உங்க பேக்கர்ஸ் டீம் குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வை வெச்சிருந்திருக்கணுமா, இல்ல பையன் ஆரன் ராட்ஜர்ஸுக்காக அவரை அனுப்பினது சரிதானா. அடேங்கப்பா! அந்த வருசம் பொறந்த குழந்தை இப்ப கார் ஓட்டுது. உங்க பஞ்சாயத்து இன்னும் கலையல.

எனக்கு இந்த ஆட்டத்தைப் பத்தி என்ன தெரியும், பட்டிக்காட்டு ஆளு. பேருதான் ஃபுட்பால், பந்தைக் காலால தொடறவன் ஒருத்தனோ ரெண்டு பேரோ. நடுவுல நின்னு பந்தை வாங்கி, நூத்தி நாப்பது கிலோ ஆளுங்க தன் மேல வந்து விழறதுக்குள்ள யாருக்கு எறியறதுன்னு முடிவு பண்றானே, அவன் குவார்ட்டர்பேக். ஜெயிச்சா அவன் குலதெய்வம். தோத்தா அவன் தோள்பட்டை தேஞ்சு போச்சு. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆனா ஞாபகம்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது உங்களை விட எனக்குக் கொஞ்சம் தேவலை.

2005 சீசனை எடுத்துக்குங்க. ஃபார்வ் எறிஞ்சதுல 29 பந்து எதிராளி கைக்குப் போச்சு. பேக்கர்ஸ் நாலு ஆட்டம் ஜெயிச்சு பன்னெண்டு தோத்தாங்க. அப்ப நாலாம் நம்பர் தம்பிகளா, நீங்க என்ன சொன்னீங்க? "கை போச்சு, மரியாதையா வீட்டுக்குப் போகட்டும்"னு சொன்னீங்களா இல்லியா? தலையைக் குனியாதீங்க. ரெண்டே வருசம் கழிச்சு, 37 வயசுல, அதே ஆளு டான் மரினோவோட 420 டச்டவுன் சாதனையைத் தாண்டிப் போறார், டீம் பதிமூணு ஜெயிச்சு மூணுதான் தோக்குது. உடனே "நான்தான் அன்னைக்கே சொன்னேனே, இன்னும் அஞ்சு வருசம் தாங்கும்னு" அப்படின்னு மீசையை முறுக்கினவங்களும் நீங்கதான். இதைக் குத்தமாச் சொல்லல. ரசிகனா இருக்கணும்னா இந்தத் தெறமை வேணும்.

அப்புறம் வந்துச்சு 2008 ஜனவரி 20. நம்ம கிரீன் பே லாம்போ மைதானத்துல மைனஸ் 18 டிகிரி குளிர். எதிர்ல நியூயார்க் ஜயன்ட்ஸ். அவங்க கோச் டாம் காஃப்லின் கன்னம் செவந்து கன்னிப்போய், தோல் உரிஞ்சிரும் போல நிக்கிறார். ஜயன்ட்ஸ்ல பந்தை உதைக்கிற லாரன்ஸ் டைன்ஸ் நாலாவது குவார்ட்டர்ல ரெண்டு தடவை உதைச்சு ரெண்டும் கோட்டை விட்டாச்சு. அதுல ஒண்ணு நேரம் முடியற கடைசி உதை. 20க்கு 20, ஓவர்டைம். டாஸ் நமக்கு. பந்து நம்ம கையில. எழுவதாயிரம் பேர் வாயில இருந்து புகை. எல்லாருக்கும் தெரியும், கெழவன் ஒரே ஒரு நீளமான எறி எறிஞ்சா அடுத்தது சூப்பர் பௌல் இறுதி ஆட்டம்.

ரெண்டாவது முயற்சியிலேயே எறிஞ்சார். டொனால்ட் டிரைவரைப் பாத்து எறிஞ்சது கோரி வெப்ஸ்டர் கையில போய் உக்காந்துச்சு. ரெண்டு தடவை தவற விட்ட அதே டைன்ஸ், இந்தத் தடவை 47 கஜத்துல இருந்து உதைச்சு உள்ள தள்ளிட்டான். பேக்கர்ஸ் சட்டையில ஃபார்வ் எறிஞ்ச கடைசிப் பந்து அது. உங்களுக்கு இது தெரியும், ஆனா இதைச் சொல்லும்போது மட்டும் எல்லாருக்கும் தொண்டையில என்னமோ அடைக்கும். இருமிக்குங்க, இருமிக்குங்க.

மார்ச்ல ஓய்வுன்னு அறிவிச்சார். ஊரே பாக்க அழுதார். நீங்களும் அழுதீங்க. எங்க பக்கத்துல சில மாமியாருங்க உண்டு. "இனி வீடு உன் பொறுப்பு, நான் காசிக்குப் போறேன்"னு சாவிக்கொத்தை மருமக கையில குடுத்து, கண்ணைத் துடைச்சுக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் போவாங்க. மருமக உக்கிராணத்தைத் தொறந்து அரிசியை அளக்க ஆரம்பிச்சதும், ரயிலடியில இருந்து திரும்பி வந்து நிப்பாங்க. சாவி எங்கடி? ஜூலையில ஃபார்வ் அப்படித்தான் திரும்பி வந்தார்.

இதுல மாமியார் மேல எனக்குக் கோவமே கிடையாது. மனசு மாறுறது மனுச குணம். 1992 செப்டம்பர்ல இருந்து பேக்கர்ஸுக்கு ஒரு ஆட்டம்கூட விடாம 253 ஆட்டம் தொடர்ச்சியா எறங்கின ஆளு. விரல் ஒடிஞ்சப்பவும் எறங்கினார், அப்பா செத்த மறுநாளும் எறங்கினார். அந்த மனுசன் மிசிசிப்பியில தோட்டத்துல புல் வெட்டிக்கிட்டு உக்காந்திருப்பார்னு நம்பினது யாரோட முட்டாள்தனம்?

மருமக மேலயும் கோவம் இல்ல. ஆரன் ராட்ஜர்ஸ் மூணு வருசமா பெஞ்சைத் தேச்சுக்கிட்டு இருந்த பையன். அவனோட கூட்டாளிங்க எல்லாம் ஆடறாங்க, இவன் தொப்பியைப் போட்டுக்கிட்டு நிக்கிறான். அந்தக் கோடையில பயிற்சிக்கு எறங்கினா, சொந்த ஊர் மைதானத்துல சொந்த ரசிகனே அவன் காதுபடக் கத்தறான். பன்னெண்டாம் நம்பர் தம்பிகளா, எதுக்கு என் முகத்தைப் பாக்காம வானத்தைப் பாக்கறீங்க? மழை வராது.

நடுவுல மாட்டினது டெட் தாம்சன், ஜெனரல் மேனேஜர். வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துருமோன்னு பேசாம இருந்த மனுசர். நீங்க மைதான வாசல்ல கூடி கோஷம் போட்டீங்க, ஃபார்வ் வந்த விமானத்தைப் பாக்க ஓடினீங்க, தாம்சன் அசையல. வீட்டுலயே இருந்தா ரெண்டு கோடி டாலர்னு பேரம் நடந்ததாப் பத்திரிகையில வந்துச்சு. அதுவும் படியல. கடைசியில ஃபார்வை நியூயார்க் ஜெட்ஸுக்குக் கைமாத்திட்டார். அதுலயும் ஒரு சூட்சுமம் பாருங்க. ஜெட்ஸ்காரங்க அவரை நம்ம பரம எதிரி மினசோட்டா வைக்கிங்ஸுக்குத் திருப்பி வித்தா, புது ஆட்டக்காரங்களை முறை வெச்சு எடுக்கிற டிராஃப்ட்ல மூணு முதல் ரவுண்டு உரிமையை கிரீன் பேக்குத் தண்டமா அழணும்னு ஒப்பந்தத்துலயே பூட்டு. பூட்டு நல்ல பூட்டுதான். ஜன்னலை மறந்துட்டார். ஃபார்வ் ஜெட்ஸ்ல ஒரு வருசம் ஆடி, இன்னொரு தடவை காசிக்குக் கிளம்பி, ஜெட்ஸ் அவரைக் கணக்குல இருந்து விடுவிச்சதும் 2009 ஆகஸ்டுல பொடிநடையா மினசோட்டாவுக்கே போய்ச் சேந்தார். யாரும் யாருக்கும் விக்கலியே!

இப்ப வழக்குக்கு வருவோம். யார் சொன்னது சரி? சொல்றேன், அடிக்க வராதீங்க. ரெண்டு பேரும் சரி. அதனாலதான் உங்க சண்டை தீரவே தீராது.

2008ல ராட்ஜர்ஸ் எறிஞ்ச டச்டவுன் 28. அதுக்கு முந்தின வருசம் ஃபார்வ் எறிஞ்சதும் 28. பந்தைப் பறிகொடுத்தது பையன் 13, பெரியவர் 15. ஆனா பெரியவர் வருசத்துல 13க்கு 3, பையன் வருசத்துல 6க்கு 10. அப்ப "பாத்தியா, ஃபார்வ் இருந்திருந்தா..."ன்னு தொடங்கினீங்க. ஒரு கை எறிஞ்சதையே இன்னொரு கையும் எறிஞ்சிருக்கு, மிச்சம் இருபத்தோரு பேர் என்ன பண்ணினாங்கன்னு ஒருத்தனாவது கேட்டானா? கேட்டா சண்டையில சுவை இருக்காதே. அந்தப் பக்கம் ஜெட்ஸ்ல 8க்கு 3ன்னு பறந்த பெரியவர், கை தசை கிழிஞ்சு கடைசியில 9க்கு 7ன்னு இறங்கினார். "பாத்தியா"ன்னு இந்தப் பக்கம்.

மறு வருசம் அதே பெரியவர், சீசன் நடுவுல 40 வயசைத் தொட்டு, மினசோட்டா ஊதாச் சட்டையில 33 டச்டவுன், பறிகொடுத்தது வெறும் 7. நவம்பர் 1 அன்னைக்கு லாம்போவுக்கே வந்து நாலு டச்டவுன் எறிஞ்சு 38க்கு 26ன்னு சாத்திட்டுப் போனார். போன வருசம் அவருக்காக வாசல்ல நின்னு கத்தின அதே வாய், அன்னைக்கு அவரைப் பாத்து ஊளை விட்டுச்சு. வாய்க்கு வேலை வேணும், அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் சூப்பர் பௌலுக்கு முந்தின ஆட்டம், எதிர்ல நியூ ஆர்லியன்ஸ். 28க்கு 28, சில நொடிதான் பாக்கி. நாலு எட்டு வெச்சு விழுந்தாப் போதும், உதைச்சுப் பாக்கலாம். பெரியவருக்கு அது பிடிக்குமா? ஓடிக்கிட்டே உடம்புக்குக் குறுக்க எறிஞ்சார், டிரேசி போர்ட்டர் பிடிச்சுட்டான். ஓவர்டைம்ல 31க்கு 28. பேக்கர்ஸ்ல கடைசிப் பந்தும் எதிராளிக்கு, வைக்கிங்ஸ்ல அந்தக் கடைசிப் பெரிய ஆட்டத்துப் பந்தும் எதிராளிக்கு. இந்தக் கைதான் அத்தனை ஆட்டத்தை ஜெயிச்சுக் கொடுத்த கையும். அந்தத் துணிச்சல் வேணும், இந்த அசட்டுத் துணிச்சல் வேண்டாம்னு பிரிச்சு வாங்க அது சந்தைக் கத்தரிக்காயில்ல.

2011 பிப்ரவரி 6, ராட்ஜர்ஸ் பிட்ஸ்பர்க்கை 31க்கு 25ன்னு ஜெயிச்சு சூப்பர் பௌலைக் கொண்டுவந்தான். அன்னைக்கு விஸ்கான்சின் முழுக்கத் தேடினாலும் 2008ல ஃபார்வ் பக்கம் நின்னவன் ஒருத்தன் கிடைக்கல. அத்தனை பேரும் பையன் பக்கம்தானாம், ஆரம்பத்துல இருந்தே! 2015 ஜூலையில ஃபார்வோட நாலாம் நம்பருக்கு ஓய்வு கொடுத்தப்ப, ஆட்டமே இல்லாத ராத்திரியில 67 ஆயிரம் பேர் லாம்போவுல வந்து உக்காந்து கைதட்டினாங்க. அன்னைக்குத் தேடினா, ஊளை விட்டவன் ஒருத்தனும் கிடைக்கல.

சரி, பாடம் படிச்சீங்களா? எங்க! 2020ல டிராஃப்ட்ல மேல ஏறிப்போய் 26வது ஆளா ஜோர்டன் லவ்வை, இந்தப் பத்தாம் நம்பரை, எடுத்தாங்க. ராட்ஜர்ஸ் மூஞ்சியைத் தூக்கினார், கோவத்துல அடுத்தடுத்து ரெண்டு வருசம் லீக்கோட சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். லவ்வும் மூணு வருசம் பெஞ்சைத் தேச்சான். 2023ல ராட்ஜர்ஸை அனுப்பினது எங்க? ஜெட்ஸுக்கு! கிரீன் பேயோட முதியோர் இல்லத்தை நியூயார்க்குல நடத்துறது யாருன்னு இனிக் கேக்காதீங்க. முதல் ஆட்டத்துல நாலாவது தடவை பந்து வாங்கினப்பவே குதிகால் தசைநார் அறுந்து உக்காந்தார். "பாத்தியா"ன்னு சொல்ல வாயைத் தொறக்கறவன் ஒரு நிமிசம் நில்லு. குவார்ட்டர்பேக் டாம் பிரேடியை நியூ இங்கிலாந்துக்காரங்க போக விட்டுட்டாங்களே, அவர் 43 வயசுல டாம்பா சட்டையைப் போட்டுக்கிட்டு 2021 ஜனவரியில இதே லாம்போவுக்கு வந்து நம்மளையே தோற்கடிச்சு, அடுத்த ஆட்டத்துல சூப்பர் பௌலையும் தூக்கிட்டுப் போனாரே. அதுக்கு என்ன பதில்? கிழவனை வெச்சிருந்தா வீண், அனுப்பினா வீண். எது எப்பன்னு முன்கூட்டித் தெரிஞ்ச ஒருத்தனை நான் பாத்ததில்ல. நடந்து முடிஞ்ச மறுநாள் தெரிஞ்சவங்க மட்டும் ஊர் நெறைய.

"நாங்க முதலாளிங்க, எங்களுக்குக் கேக்க உரிமை உண்டு"ங்கறீங்க. உண்டு, உண்டு. 1923ல இருந்து பங்கு வித்து நடக்கிற டீம், வேற எந்தப் பணக்காரன் கையிலயும் இல்லாத டீம். அஞ்சு லட்சத்துக்கு மேல பங்குதாரர். 2021ல ஒரு பங்கு 300 டாலர். லாபம் வராது. விக்க முடியாது. டிக்கெட் வரிசையில ஒரு அடி முன்னால விடமாட்டாங்க. வரவேற்பறையில கண்ணாடி போட்டு மாட்டலாம், வருசத்துக்கு ஒருக்கா கூட்டத்துக்குப் போகலாம். இப்படி ஒரு முதலாளியை உலகத்துலயே நீங்கதான் கண்டுபிடிச்சிருக்கீங்க. அதுல எனக்கு உண்மையிலேயே பொறாமை உண்டு, கேலி பண்ணல. பணக்காரன் ஒருத்தன் கையில இருந்திருந்தா இந்த ஒரு லட்சம் பேர் ஊர்ல டீம் இத்தனை வருசம் நின்னிருக்குமா?

அதனால ஒரு யோசனை. லவ்வுக்கு 2024ல நாலு வருசத்துக்கு 22 கோடி டாலர்னு ஒப்பந்தத்தை நீட்டியாச்சு. பிறந்தது 1998. கூட்டிப் பாருங்க, 2036ல 38 ஆகும். யாரோ ஒரு பொடியன் அன்னைக்குப் பெஞ்சுல இருப்பான். அந்தப் பங்குப் பத்திரத்தை விக்க முடியாதே தவிர, பிள்ளைக்கு மாத்திக் கொடுக்க விதி இருக்கு. கொடுக்கறப்ப, 2008ல நீங்க எந்தப் பக்கம் நின்னீங்கன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கூடவே செருகிருங்க. உள்ளதை உள்ளபடி எழுதணும். காகிதம் நான் தர்றேன்.

என்ன, பேனா ஒருத்தன்கிட்டயும் இல்லியா?